வாரியத்துக்கு ஒரு வரம்பு, படைக்கு ஒரு கை

மண்ணூர் தொடங்கி ஒரகடம் வரை இன்று கண்ணில் படுபவை தொழிற்சாலைக் கூரைகளும் கன்டெய்னர் லாரிகளும்தான். இதே வட்டாரத்தில், மணிமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்தான். கூரம் செப்பேடு அந்தப் போரைப் பேர் சொல்லிக் குறிக்கிறது. பிறகு பல்லவப் படை சாளுக்கியத் தலைநகர் வாதாபியையே பிடித்தது. அதை நடத்திச் சென்றவர் பரஞ்சோதி, அதாவது பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார் ஆனவர், என்கிறது பெரியபுராணம்.

அவருக்கு என்ன தகுதி? மாமாத்திரர் குலம், ஆயுள்வேதம், வடமொழிக் கலைகள், படைக்கலப் பயிற்சி, யானையேற்றம், குதிரையேற்றம் என்று அடுக்குகிறார் சேக்கிழார். வைத்தியம் படித்த தளபதி! ஆனால் சேக்கிழார் எழுதியது சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. ஒரு சேனாபதி எப்படி இருக்க வேண்டும் என்று சோழர் காலம் நினைத்ததும் இதில் கலந்திருக்கும்.

ஊராட்சிக்குச் சோழர் காலம் இப்படி ஊகத்துக்கு இடம் வைக்கவில்லை. உத்தரமேரூரில், ஏரி முதலான ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு, குடத்திலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பேர் எழுத கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என மாறியது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர்.

ஏரியைப் பார்த்துக்கொள்பவருக்கு இத்தனை நிபந்தனை. படையை நடத்துபவரோ அரசன் கைகாட்டியவர். ராஜராஜன் தன் மகன் ராஜேந்திரனையே மகாதண்டநாயகன் ஆக்கினான். ராஜராஜனின் இன்னொரு சேனாபதியான கிருஷ்ணன் ராமன் என்ற பிராமணர், தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டியவர்.

நம் காலத்துக்கு வருவோம். கார்கில் போருக்குப் பின், 2001இல் அமைச்சர்கள் குழு முப்படைத் தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. அது நிறைவேறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2020 ஜனவரி 1இல் பொறுப்பேற்ற பிபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அதன் பின் ஒன்பது மாதங்களுக்கும் மேலாக நாற்காலி காலியாகவே கிடந்தது.

அந்த இடைவெளியில்தான், 2022 ஜூன் 6 அன்று, விதிகள் திருத்தப்பட்டன. மூன்று நட்சத்திர, நான்கு நட்சத்திர அதிகாரிகளில் பணியில் இருப்பவர்களோடு, ஓய்வு பெற்று 62 வயது நிறையாதவர்களையும் பரிசீலிக்கலாம் என்றாயிற்று. வயதும் பதவிநிலையும் எழுத்தில் வந்தன; தேர்வு அரசின் கையிலேயே இருந்தது. அந்தச் செப்டம்பரில், ஓய்வு பெற்று ஓராண்டு கடந்திருந்த 61 வயது லெப்டினன்ட் ஜெனரல் அனில் சௌஹான், நான்கு நட்சத்திரத்தோடு மறுபடியும் சீருடை அணிந்தார்.