நிணநீர்க்கணு ஊசி உறிஞ்சல் சோதனையும் லிம்போமாவும்

கழுத்து, அக்குள், கவட்டில் வீங்கிய நெறிக்கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, உறிஞ்சிய செல்களை நுண்ணோக்கியில் ஆராயும் முறை இது. 1904இல் உகாண்டாவில் கிரெய்க், கிரே இருவரும் தூக்க நோயைக் கண்டறிய இவ்வாறு கணுக்களில் ஊசியிட்டனர்.

22 முதல் 25 கேஜ் வரையான ஊசி போதும். பெரும்பாலும் மரத்துப்போக மருந்து தேவையில்லை. உறிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் தீற்றி, ஒரு பகுதியை ஆல்கஹாலில் நனைத்துப் பாப் சாயமும், உலர்ந்த பகுதிக்குக் கீம்சா சாயமும் இடுவர். பெரிய செல்லில் இரட்டை உட்கரு, அதனுள் செந்நிற நியூக்ளியோலஸ் தெரிந்தால் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோயின் ஒரு வகை) என ஐயுற அது வலுவான காரணம். ஃபாலிக்குலர் லிம்போமாவில் செல்களைவிடக் கணுவின் அமைப்பே முக்கியம். அதை ஊசி காட்டாது. செல்களின் மேற்பரப்புக் குறிகளைக் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி ஓரளவு உதவும். ஆயினும் நோயின் வகையை உறுதிசெய்ய முழுக் கணுவை எடுத்துச் செய்யும் பயாப்சியே (திசுச் சோதனை) சிறந்தது.

இந்தியாவில் பெருஞ்சிக்கல் காசநோய். காசநோய், லிம்போமா இரண்டிலும் கழுத்துக்கட்டி, காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் உண்டு. காசநோயில் காணும் கிரானுலோமா (அழற்சிச் செல்களின் திரள்) ஹாட்ஜ்கினிலும் தோன்றக்கூடும் என்பதால், அதை மட்டும் கண்டு காசநோய் மருந்து தொடங்கி மாதங்களை இழப்பது கொடுமை. கர்நாடகத்தில் கொள்ளேகால்–மாதேசுவரன் மலைச் சாலையில் உள்ள கௌதள்ளி போன்ற ஊராருக்குப் பெரிய மருத்துவமனைகள் உள்ள மைசூரு தொலைவு. ஒரே வருகையில் மாதிரி எடுக்க முடிவது இச்சோதனையின் பெரும்பயன். காசநோய் மருந்துக்குக் கட்டி கரையாவிட்டால் பயாப்சி கேட்டுப் பெறுங்கள்.