நீலகிரியில் பிறந்த சபை

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி போலத் தொழிற்சாலைகளால் வளர்கிற ஊருக்குக் கன்னியர் மடம் ஒன்று புதிதாக வந்தால், ஊரார் கண்ணில் முதலில் படுவது பள்ளிக்கூடம்தான். அதற்கு முன் நடக்கும் காரியம் வெளியே தெரிவதில்லை. அந்தப் பகுதியின் ஆயர் எழுத்துமூலம் சம்மதம் தராமல் எந்தத் துறவற சபையும் அங்கே மடம் திறக்க முடியாது. இன்றும் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆயர் ஒருவர் இடம் கொடுத்ததால் புதிய சபை ஒன்றே தமிழ்நாட்டில் உருவான கதை உண்டு. இடம் உதகமண்டலம், ஆண்டு 1876.

கதையின் நாயகி எலேன் தெ ஷப்போத்தான். பிரான்சின் நாந்த் நகரில் 1839 மே 21ஆம் தேதி பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1860இல் கிளாரா சபை மடத்தில் சேர்ந்தார். உடல்நிலை இடம் கொடுக்காததால் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. 1864இல் துலூஸ் நகரில் 'மரி ரெபரத்ரிஸ்' சபையில் சேர்ந்தார். நற்கருணை ஆராதனையை உயிர்மூச்சாகக் கொண்ட சபை அது. துறவற உடையோடு 'திருப்பாடுகளின் மரியா' என்ற பெயரும் கிடைத்தது. நவகன்னியர் பயிற்சி முடியும் முன்பே, 1865 மார்ச்சில், இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. எகிப்தில் இறங்கி, தரைவழியே செங்கடல் பக்கம் போய், மறு கப்பல் ஏறி வந்த காலம்.

வந்து சேர்ந்தது மதுரை மிஷன். இயேசு சபைக் குருக்களின் பொறுப்பில் இருந்த பகுதி. ஆயர் கனோஸ் அதன் தலைவர். உள்ளூர்த் தமிழ்ப் பெண்களைத் துறவற வாழ்வுக்குப் பயிற்றுவிப்பதுதான் பிரெஞ்சு சகோதரிகளுக்குக் கொடுத்த வேலை. 1866 மே 3 அன்று திருப்பாடுகளின் மரியா இங்கேயே வார்த்தைப்பாடு கொடுத்தார். அடுத்த ஆண்டே அங்கே சபைக்கு இருந்த மூன்று மடங்களுக்கும் மாநிலத் தலைவி. வயது 28. மொழி தெரியாமல் வந்து இறங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவில் அவர் கழித்த பத்தாண்டுகளைச் சபை வரலாற்றின் முன்னுரையாக மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. தமிழ்ப் பெண்கள் நடுவே வேலை செய்த இந்த ஆண்டுகள்தான் அவரை மறைப்பணிக்காரராக ஆக்கின. ஆராதனை மடத்துக்குள் இருக்கலாம், ஆனால் மடம் ஊரைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இங்கேதான் ஊன்றியது என்றே நினைக்கிறேன்.

1874இல் உதகமண்டலத்தில் புதிய மடம் திறந்தார்கள். மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. அதற்கு மேல் மலைப்பாதை. மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899இல், ஊட்டியைத் தொட்டது 1908இல். கோடையில் சென்னை மாகாண அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஏறிவந்த ஊர் என்பதால் அங்கே பள்ளிக்கும் மடத்துக்கும் தேவை இருந்தது. ஒரு நிர்வாக விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஊட்டி மதுரை மிஷனில் சேராது. பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் நடத்திய கோவை மிஷனைச் சேர்ந்தது. அதன் தலைவர் ஆயர் ஜோசப் பர்தூ. அந்த எல்லைக்கோடு பிற்பாடு எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்று மடம் திறந்த அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மதுரை மிஷன் மடங்களில் மனக்கசப்பு புதிதல்ல. திருப்பாடுகளின் மரியா பொறுப்பேற்கும் முன்பே இருந்தது. அவர் காலத்தில் தணிந்தது, பிறகு மறுபடி மூண்டது. 1876இல் அவரும் வேறு சகோதரிகளுமாகச் சுமார் இருபது பேர் சபையை விட்டு வெளியேறி ஊட்டியில் ஒன்றுகூடினார்கள்.

அன்றைய நிலையில் இது எப்பேர்ப்பட்ட முடிவு! சபையை விட்டு வந்த கன்னியருக்குத் திருச்சபையில் நிற்க இடமில்லை. வார்த்தைப்பாட்டின் கதி என்ன, உடையை அணியலாமா, யாருக்குக் கீழ்ப்படிவது, எல்லாமே கேள்வி. தாய்நாடு கடலுக்கு அப்பால். அந்த ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. ஆயர் பர்தூ கதவைச் சாத்தியிருந்தால் அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து ஊர் திரும்பியிருப்பார்கள். அவர் தம் அதிகாரத்தின் கீழ் அவர்களை ஏற்றுக்கொண்டார்.

ஆனாலும் ஆயர் தரும் அடைக்கலம் தற்காலிகம்தான். நிரந்தரத் தீர்ப்பு ரோமிலிருந்து வர வேண்டும். 1876 நவம்பரில் திருப்பாடுகளின் மரியா ரோமில் இருந்தார். 1877 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி தந்தார்: மறைப்பணிக்கென்றே தனியாகப் புதிய சபை, பெயர் 'மரியின் மறைப்பணியாளர்'. பிரிந்து வந்தவர்கள் என்ற பழி சுமந்தவர்கள் ஒரே நாளில் ஒரு சபையின் முதல் சகோதரிகள் ஆனார்கள்.

மீதிக் கதை வேகமாக ஓடுகிறது. பிரான்சில் சேன் பிரியே ஊரில் நவகன்னியர் இல்லம் திறந்தது. 1882இல் ஸ்தாபகி புனித பிரான்சிஸின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். இன்று நாம் எஃப்.எம்.எம். என்று சுருக்கிச் சொல்லும் 'மரியின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர்' என்ற பெயர் அந்த வழியில் வந்தது. 1883இல் அவரைத் தலைமைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள். விசாரணை நடந்தது, குற்றமற்றவர் என்று தெளிந்தது, 1884இல் சகோதரிகள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1900 ஜூலை 9 அன்று சீனாவின் தாய்யுவான் நகரில் இந்தச் சபையின் சகோதரிகள் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு 2000ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் கிடைத்தது. 1904 நவம்பர் 15இல் ஸ்தாபகி இத்தாலியில் மறைந்தபோது சபையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகள், 86 மடங்கள். 2002 அக்டோபர் 20 அன்று திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது.

தமிழ்நாட்டில் அந்தச் சபையின் கை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி போதும். நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்றே சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியவர்கள் இந்தச் சகோதரிகள்தான். ஊட்டியில் அவர்களுடைய நாசரேத் கான்வென்ட் பள்ளி இருக்கிறது. பூங்காவையும் ஏரியையும் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையையும் ஒருமுறை நின்று பாருங்கள்.

ஆயர் பர்தூவைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. 1886இல் கோவை மறைமாவட்டம் ஆனபோது அதன் முதல் ஆயர் அவர்தான். 1903இல் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இருபது பெண்களின் வார்த்தையை நம்பி இடம் கொடுத்த அவருக்கு இந்தச் சபையின் வரலாற்றில் பாதிப் பெருமை உரியது.