சுண்ணாம்புத் தூசியும் காரின் இரண்டு ஃபில்டர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் கோவையில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் போன் செய்தார். பெற்றோருக்காக ஒரு கார் வாங்கி ஊரில் விட்டிருக்கிறார். அந்தக் கார் தினமும் அரியலூர் சாலையில் ஓடுகிறது. சர்வீசுக்கு விட்ட இடத்தில், "ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் ரெண்டையும் மாத்தணும்" என்றார்களாம். போன தடவை மாற்றியதிலிருந்து ஓடியது 15,000 கிலோமீட்டர்தான். "புத்தகத்தில் 40,000 என்று போட்டிருக்கிறதே, ஏமாற்றுகிறார்களா சார்?" என்று கேட்டார். நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது, கொஞ்சம் நிலவியலிலும் இருக்கிறது.

எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினைந்து கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! நாற்பது லிட்டர் டாங்க் ஒரு முறை காலியாவதற்குள் ஒரு பள்ளிக்கூடக் கட்டடமே கொள்ளும் அளவு காற்று எஞ்சினுக்குள் போய் வருகிறது. அந்தக் காற்றில் தூசி இருந்தால் அது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்க்கும். ரிங் தேய்ந்தால் வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும்.

ஆரம்பத்தில் இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஏர் ஃபில்டரே கிடையாது. தூசியின் கொடுமையை முதலில் உணர்ந்தது விவசாயிதான். அமெரிக்காவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர், யூட்டா மாநிலத்தின் வறண்ட நிலத்தில் ஒரு டிராக்டர் எஞ்சின் தூசியாலேயே பாழாவதைப் பார்த்தார். 1915இல் அதற்கென ஒரு காற்று வடிகட்டி செய்தார். அவர் தொடங்கிய டொனால்ட்சன் கம்பெனி இன்றும் ஃபில்டர் செய்துகொண்டிருக்கிறது. அதே 1915இல்தான் ஐரோப்பாவின் போர்க்களத்தில் விஷவாயுவை ஏவினார்கள். ரஷ்ய வேதியியலாளர் நிக்கொலாய் செலின்ஸ்கி மரக்கரியை வைத்து முகமூடி செய்தார். எஞ்சினின் மூக்குக்கும் மனிதனின் மூக்குக்கும் ஒரே வருடத்தில் மருந்து தேடியிருக்கிறார்கள். இன்று விலை கூடிய ஏசி ஃபில்டர்களில் கறுப்பாக ஓர் அடுக்கு இருக்கிறதே, அதுவும் அந்தக் கரிதான். புகை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் தலைமுறைக்குத் தெரிந்தது ஆயில் பாத் ஃபில்டர். யூனியன் ஆபீஸ் ஜீப்பிலும் டிராக்டரிலும் இருக்கும். அடியில் ஒரு கிண்ணம், அதில் எஞ்சின் ஆயில். உள்ளே வரும் காற்று ஆயிலின் மேல் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் மாட்டிக்கொள்ளும். டிரைவர் கிண்ணத்தைக் கழற்றி, களிமண் போல அடியில் படிந்த சேற்றை வழித்துப் போட்டுவிட்டுப் புது ஆயில் ஊற்றுவார். எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் மீட்டரைப் பார்த்ததில்லை. சேறு எவ்வளவு என்றுதான் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான கணக்கு.

பிறகு காகிதம் வந்தது. விசிறி மடிப்பாக மடித்த காகித ஃபில்டர்கள் 1950களில் அமெரிக்கக் கார்களில் பரவின. நம் ஊர்ச் சாலைகளுக்கு அவற்றைப் பெருவாரியாகக் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. காகிதம் சுத்தமானது, மலிவானது. ஆனால் சேற்றைப் போல அழுக்கு கண்ணில் படாது, மூடிய பெட்டிக்குள் இருக்கும். அதனால்தான் கிலோமீட்டர் கணக்கு வந்தது.

காருக்குள் உட்காருபவர்களுக்கான ஃபில்டர் அதற்கும் பின்னால் வந்தது. 1938இல் அமெரிக்காவின் நாஷ் கம்பெனி வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பியது உண்மைதான். ஆனால் உலகம் முழுவதும் அது பரவியது 1990களில். நம் நாட்டுச் சின்னக் கார்கள் பலவற்றில் ரொம்ப நாள் அது இல்லவே இல்லை. இப்போதும் பழைய கார் வைத்திருப்பவர்கள் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, பின்னால் ஃபில்டர் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி கிரிட்டேசியக் காலத்தில் கடலாக இருந்தது. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1860களிலேயே இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதினார். காரை மேட்டில் பொறுக்கிய கிளிஞ்சல்களை என் மேசையில் கொண்டுவந்து வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத் தேடித்தான் ஆலைகள் வந்தன. பக்கத்தில் கல்லக்குடியில் டால்மியா ஆலை 1939இல். அந்தப் பெயரை எதிர்த்து 1953இல் நடந்த போராட்டம் பாடப்புத்தகத்துக்கே வந்துவிட்டது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம், 2001இல் அரியலூர் மாவட்டம், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை எழுந்திருக்காமலே மாவட்டம் மாறியது! மாவட்டம் எதுவானாலும் டிப்பர் லாரி மட்டும் நிற்கவில்லை.

இந்தத் தூசியிலும் வகை உண்டு. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோல் ஞாபகம் இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் அதில் 3, குவார்ட்ஸ் 7. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசி மென்மையானது, மாவு போல நுண்ணியது. எஞ்சினைத் தேய்ப்பதைவிட ஃபில்டரை அடைப்பதில் கெட்டி. சிமெண்ட் கலந்த தூசி ஐப்பசி மழையில் ஈரம் பட்டால் காகித மடிப்பிலேயே இறுகிப்போகும். பெரம்பலூர்ப் பக்கம் வேறு கதை. ஜல்லி கிரஷர் தூசியிலும் செம்மண்ணிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அது சிலிண்டரின் இரும்பைவிடக் கடினம். ஃபில்டரில் ஒரு கிழிசலோ, ஓரத்து ரப்பரில் ஓர் இடைவெளியோ இருந்தால் போதும், உள்ளே போய் வேலையைக் காட்டிவிடும். மக்காச்சோள அறுவடை நாட்களில் பறக்கும் சுணையை நான் சொல்லவே வேண்டாம்.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்ன 40,000 நல்ல சாலைக்கான கணக்கு. அதே புத்தகத்தில் 'தூசி நிறைந்த சாலை' என்று தனியாக ஒரு குறிப்பு இருக்கும். அதைத்தான் நாம் படிக்க வேண்டும். தினமும் லாரிக்குப் பின்னால் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்கலாம். மடிப்புக்குள் தூசி அடைந்திருந்தாலோ, ஈரம் பட்டு இறுகியிருந்தாலோ, கிழிந்திருந்தாலோ கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றுங்கள். நம் சாலையில் 15,000இல் மாற்றச் சொன்னால் அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஃபில்டரைக் கையில் கொடுக்கச் சொல்லிப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

அதற்காக வாரம் ஒரு முறை கழற்றித் தட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. லேசாகத் தூசி படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு சல்லடையாகிவிடுகிறது. கம்ப்ரஸர் காற்றை ஓங்கி அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். காகிதத்தைத் தண்ணீரில் கழுவவே கூடாது. "ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் எகிறும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கார்புரேட்டர் காலத்தில் அது ஓரளவு சரி. இன்றைய எஞ்சின்களில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் சோதித்து இதைத்தான் சொன்னது. குறைவது பிக்கப்தான்.

ஏசி ஃபில்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். எஞ்சின் தேய்ந்தால் போர் அடித்துக்கொள்ளலாம், நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் வீசிங் உள்ள பிள்ளையோ வயதானவர்களோ இருந்தால் வருடம் ஒரு முறை, லாரிச் சாலையில் ஓடினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். விசிறியை முழுதாக வைத்தும் காற்று மெதுவாக வந்தாலோ, ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம் அடித்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் நாமே மாற்றிவிடலாம். ஃபில்டரின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், அது காற்றுப் போகும் திசை. பழையது எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் உள்காற்றே சுற்றும் பட்டனை அழுத்துங்கள். லாரியைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். நாலைந்து பேர் உட்கார்ந்து மணிக்கணக்கில் அப்படியே போனால் கரியமில வாயு கூடி ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும். பைக்கில் போகிறவர்களுக்கு எந்தப் பட்டனும் இல்லை. கைக்குட்டையைக் கட்டினால் நுண்தூசி நிற்காது, கொரோனாவுக்கு வாங்கிய என்95 மாஸ்க் வீட்டில் மிச்சம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தார்ப்பாய் மூடாமல் கல் ஏற்றிப் போகும் லாரியைப் பார்த்தால் நம்பரைக் குறித்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதுங்கள். சிமெண்ட் ஆலைகளில் வேலை செய்யும் நம் மாணவர்களே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஆலை லாரிகளில் தார்ப்பாய் கட்டுகிறார்களா என்று நாளைக்கு வேலைக்குப் போகும்போது கேட்டில் நின்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.