எரிஞ்ச வண்டியும் பெட்ரோல் சந்தேகமும்

திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்து ஆளுங்களுக்கு ரிக் வண்டியைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சின்ன அறிமுகம். போர் போடற வண்டி ஒண்ணு கிளம்பினா, கூடவே பைப்பு, சாமான், ஆளுங்களை ஏத்திக்கிட்டு இன்னொரு லாரியும் போகும். ஊரை விட்டுப் போனா மாசக்கணக்குல மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு சுத்தல்தான். தூக்கம், சமையல், துணி காயப்போடறது எல்லாம் அந்தத் துணை வண்டியிலதான். வெளிநாட்டுக்காரங்க மோட்டார் ஹோம்னு சொல்ற சமாச்சாரம் நமக்கு இதுதான். என்ன, அவங்க சுற்றுலா போவாங்க, நம்ம ஆளுங்க பொழப்புக்குப் போறாங்க.

என் மாமாவோட துணை வண்டி போன வருஷம் ஒரு ராத்திரி எரிஞ்சு போச்சு. ஆளுங்க எல்லாம் ரிக் பக்கம் வேலையில இருந்ததால உயிருக்கு ஒண்ணும் ஆகலை. பத்து நாள் கழிச்சு இன்சூரன்ஸ் சார்பா ஒரு விசாரணைக்காரர் வந்து பார்த்தார். அவரோட அறிக்கையில மூணு விஷயம் இருந்துச்சு.

ஒண்ணு, தரைப்பலகை திட்டுத்திட்டா பள்ளமா எரிஞ்சிருக்கு, ஆகவே ஏதோ ஊத்தியிருக்காங்க. ரெண்டு, அலுமினியம் உருகியிருக்கு, கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிஞ்சிருக்கு, ஆகவே இது சாதாரணத் தீ இல்லை. மூணு, தீப்பிடிக்க வேற காரணம் எதுவும் கண்ணுக்குப் படலை. முடிவு: வேணும்னே வெச்ச தீயா இருக்கலாம்.

"ஏன் மாப்ள, நாலு வருஷம் தவணை கட்டின வண்டியை நானே கொளுத்துவனா?"ன்னு மாமா கேட்டார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்புறம் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இந்த மூணு காரணத்துக்கும் தனித்தனியா ஒரு வரலாறு இருக்குன்னு தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல கண்ணாடி. பெட்ரோல் மாதிரி ஏதாவது ஊத்தினா சூடு சட்டுனு ஏறும், அதனாலதான் கண்ணாடி வலை வலையா விரியுதுன்னு அமெரிக்காவுல ரொம்ப காலம் விசாரணைக்காரங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. யாரும் சோதிச்சுப் பார்க்கலை. 1991 அக்டோபர்ல கலிபோர்னியாவுல ஓக்லாண்ட் மலைப்பகுதி எரிஞ்சுது. 25 பேர் செத்தாங்க, சுமார் 3,000 வீடுகள் சாம்பல். ஜான் லென்டினி என்ற தீ நிபுணரும் அவர் கூட்டாளிகளும் அதுல 50 வீடுகளை நுணுக்கமா பார்த்தாங்க. காட்டுத்தீயில எரிஞ்ச வீடுகள், யாரும் உள்ளே புகுந்து பெட்ரோல் ஊத்தலை. ஆனா 12 வீட்டுல அதே சிலந்தி வலைக் கண்ணாடி! பிறகு ஆய்வகத்துல சோதிச்சா, சூடான கண்ணாடி மேல தண்ணி பட்டுச் சட்டுனு குளிரும்போதுதான் அப்படி விரியுது. தீயணைப்பு வண்டி அடிச்ச தண்ணியை நூறு வீட்டுக்காரங்க மேல பழியா போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

அலுமினியம் கதையும் இதே மாதிரிதான். அது உருகறது 660 டிகிரி செல்சியஸ்ல. பிளைவுட்டும் ஃபோம் மெத்தையும் ரெக்சினும் அடைச்ச கேபின் முழுசா பிடிச்சா 800 டிகிரியைத் தாண்டும். இன்னொண்ணு, பெட்ரோல் தீ மரத்தீயை விட ரொம்பச் சூடுன்னு நாம நினைக்கிறோம். அது தப்பு. ரெண்டோட சுவாலைச் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பெட்ரோல் ஊத்தினா தீ வேகமாப் பரவும், அவ்வளவே.

அடுத்து தரைப்பலகைப் பள்ளம். இதுதான் பெரிய விஷயம். 1990-ல ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் லைம் தெருன்னு ஒரு தெருவுல வீடு எரிஞ்சு ஆறு பேர் இறந்தாங்க. தரையில ஊத்தின மாதிரி தடம். வீட்டுக்காரர் மேல கொலைக் கேஸ். மேல சொன்ன அதே லென்டினி அப்போ அரசுத் தரப்பு நிபுணர், இது கொளுத்தினதுதான்னு நம்பினவர். பக்கத்துல இடிக்க இருந்த அதே மாதிரி வீடு ஒண்ணு இருந்துச்சு. அதுல அதே மாதிரி சோபா, கம்பளம் எல்லாம் போட்டு, பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாம சோபாவுக்கு மட்டும் தீ வெச்சுப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள மொத்த அறையும் ஒரே சமயத்துல பத்திக்கிச்சு. இதை ஃபிளாஷ் ஓவர்னு சொல்றாங்க. கூரைக்கடியில தேங்கற புகையோட சூடு கீழே இறங்கி, தரை வரைக்கும் எல்லாப் பொருளையும் பத்த வெச்சுடும். அணைச்சுப் பார்த்தா தரையில "ஊத்தின" மாதிரி அதே தடங்கள். லென்டினி கருத்தை மாத்திக்கிட்டார், கேஸும் கைவிடப்பட்டது. ஒரு மனுஷனைத் தூக்குமேடை வரைக்கும் அனுப்பப் பார்த்தோமேன்னு பிற்காலத்துல அவரே வருத்தப்பட்டிருக்கார்.

1992-ல என்.எஃப்.பி.ஏ. 921-ன்னு தீ விசாரணைக்கான வழிகாட்டி வந்துச்சு. பழைய நம்பிக்கைகளைக் கொஞ்சம் கொஞ்சமா அது தூக்கி எறிஞ்சுது. ஆனா பழக்கம் லேசுல போகுமா? 2005-ல லாஸ் வேகாஸ்ல ஒரு பயிற்சி. அறைக்குத் தீ வெச்சு, ஃபிளாஷ் ஓவர் தாண்டி ரெண்டு நிமிஷம் எரிய விட்டு அணைச்சு, 53 விசாரணைக்காரங்களைக் கூப்பிட்டு "தீ அறையோட எந்தக் கால்பகுதியில தொடங்குச்சு?"ன்னு கேட்டாங்க. சரியாச் சொன்னது மூணே பேர். இன்னொரு அறையிலயும் மூணே பேர். கண்ணை மூடிக்கிட்டு சொல்லியிருந்தாலே 13 பேருக்குச் சரியா வந்திருக்கும் :)

மூணாவது, "வேற காரணம் தெரியலை, அதனால கொளுத்தினது". 2011 பதிப்புல அந்த வழிகாட்டி இதையும் அறிவியல் முறை இல்லைன்னு ஒதுக்கிடுச்சு. தெரியலைன்னா "காரணம் தெரியவில்லை"ன்னுதான் எழுதணும்.

சிரிச்சுட்டுப் போற விஷயமும் இல்லை இது. 1991 டிசம்பர் 23, டெக்சாஸ்ல கோர்சிகானா ஊர்ல கேமரன் டாட் வில்லிங்ஹம் வீடு எரிஞ்சு அவரோட மூணு பெண் குழந்தைகள் இறந்தாங்க. தரைத் தடம், விரிஞ்ச கண்ணாடி, பல இடத்துல தொடங்கின தீன்னு அதே பழைய பாடம். சிறையில இருந்த ஒருத்தர் சொன்ன சாட்சியமும் சேர்ந்து மரண தண்டனை. கடைசி நேரத்துல ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியல் நிபுணர் இதுக்கெல்லாம் அறிவியல் ஆதாரமே இல்லைன்னு அறிக்கை கொடுத்தார். பலன் இல்லை. 2004 பிப்ரவரி 17 தண்டனை நிறைவேறிடுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல, கிட்டத்தட்ட அதே மாதிரி கேஸ்ல 17 வருஷம் மரண தண்டனைக் கைதியா இருந்த எர்னஸ்ட் வில்லிஸ் விடுதலை ஆனார். அதுக்கும் ஹர்ஸ்டோட ஆய்வு ஒரு காரணம். ஒருத்தருக்குக் காது கொடுத்தாங்க, ஒருத்தருக்குக் கொடுக்கலை.

அப்போ வண்டியை யாருமே கொளுத்தறதில்லையான்னு கேப்பீங்க. நம்ம சேலம் கோர்ட்டே பார்த்த கேஸ் இருக்கே. 2000 பிப்ரவரி 2, ஜெயலலிதாவுக்குக் கொடைக்கானல் ஹோட்டல் வழக்குல தண்டனை வந்த அன்னிக்கு, தருமபுரி இலக்கியம்பட்டியில கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வெச்சாங்க. 3 மாணவிகள் இறந்தாங்க. 2007-ல சேலம் நீதிமன்றம் மூணு பேருக்கு மரண தண்டனை கொடுத்துச்சு. உச்ச நீதிமன்றம் 2016-ல அதை ஆயுளாக் குறைச்சுது, 2018-ல அவங்க வெளியே வந்தாங்க. அந்தத் தண்டனை சரியா தப்பான்னு சண்டை போடலாம். ஆனா பஸ் கொளுத்தப்பட்டதுங்கறதுல சந்தேகம் இல்லை. ஏன்னா அது கருகின தகரத்தைப் பார்த்துச் சொன்ன ஜோசியம் இல்லை. கண்ணால பார்த்தவங்க சாட்சிக் கூண்டுல ஏறிச் சொன்னாங்க.

இன்னொரு பக்கம், 2023 ஆகஸ்ட் 26 மதுரை. ஸ்டேஷன்ல நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி. லக்னோவுல இருந்து வந்த பயணிகள் விடியக்காலையில உள்ளேயே சமையல். விதியை மீறிக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டர். 9 பேர் போயிட்டாங்க. ஆளுங்க தங்கிச் சமைக்கிற பெட்டி எவ்வளவு சுலபமா எரியும்ங்கறதுக்கு யாரும் பெட்ரோல் ஊத்த வேண்டியதில்லை.

விசாரணைக்காரர் சந்தேகப்படவே கூடாதுன்னு நான் சொல்லலை. கடன் தாங்காம வண்டியைக் கொளுத்தறவங்களும் இருக்காங்க, அவரைச் சம்பளம் கொடுத்து அனுப்பறதே அதைப் பார்க்கத்தான். ஆனா பார்க்க வேண்டிய முறை இருக்கு. கருகின பலகையைக் காத்துப் புகாத டப்பாவுல அடைச்சு ஆய்வகத்துக்கு அனுப்பணும். எரியாத இடத்துல இருந்தும் ஒரு துண்டு ஒப்பிட எடுக்கணும். டீசல் லாரியில டீசல் வாசம் வருதுன்னா அது மீன் சந்தையில மீன் வாசம் வர்ற மாதிரிதான். பேட்டரி வயர் எங்கே உருகியிருக்கு, கேஸ் ரெகுலேட்டர் என்ன நிலைமைன்னு படம் எடுக்கணும். முதல்ல தீயைப் பார்த்த ஆளைக் கேக்கணும். மாமா கேஸ்ல இதுல ஒண்ணுகூட நடக்கலை.

சட்டமும் அப்படி ஒண்ணும் நமக்கு எதிரா இல்லை. வாகன பாலிசியில தீ, வெடிப்பு, தானாத் தீப்பிடிக்கறது எல்லாம் சேர்ந்தே இருக்கு. சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை இல்லைன்னு 2009-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பாலிசிக்காரரே வெச்ச தீ இல்லைன்னா, அது எப்படித் தொடங்குச்சுங்கறது முக்கியம் இல்லைன்னு 2023-ல ஒரு கிடங்குத் தீ வழக்குலயும் சொல்லிடுச்சு.

இதையெல்லாம் நாலு பக்கத்துல எழுதி, மாமா கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபால்ல அனுப்பியாச்சு. மரியாதையா ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கோம்: ஊத்தினதா சொல்றீங்களே, எந்த ஆய்வக அறிக்கையை வெச்சு? இதுவரைக்கும் பதில் வரலை. வண்டி இன்னும் ஷெட்டுக்குப் பின்னால கருகி நிக்குது. மழைக்கு முன்னாடி மேல தார்ப்பாய் போட்டுடுங்க மாமா, ஒரு பலகையைக்கூட அசைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். யாராவது வந்து ஒழுங்காப் பார்க்கணும்னா, பார்க்கறதுக்கு அது இருக்கணுமில்ல.

இந்த மாதிரி கேஸ்ல அலைஞ்ச அனுபவம் யாருக்காவது இருந்தா சொல்லுங்க. மாமாகிட்ட படிச்சுக் காட்டறேன்.