குதிரை மேலிருந்து வாள் வீசுவது



கல்லூரியில் படிக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ என்ற வீடியோ கேம் ஆடுகிறான். செக் நாட்டு நிறுவனம் ஒன்று 2018-இல் வெளியிட்டது. கதை நடப்பது 1403-இல், இன்று செக் நாட்டின் பகுதியாக இருக்கும் பொஹீமியாவில். தரையில் நின்று நன்றாகச் சண்டை போடுகிறவன், குதிரை மேல் ஏறியதும் திணறுகிறான். வாளை ஓங்குவதற்குள் எதிரி பின்னால் போய்விடுகிறான். “தாத்தா, கேமை ஒழுங்காகச் செய்யவில்லை” என்றான்.

சினிமாவில் குதிரைவீரன் ஒரே வீச்சில் பத்துப் பேரைச் சாய்ப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தத் திணறல்தான் உண்மைக்கு நெருக்கமானது. அதற்குப் பின்னால் ஒரு சமூக வரலாறே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குதிரை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 10 மீட்டர். வாள் எட்டும் தூரம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 2 மீட்டர் இருக்கும். அப்படியானால் நின்றுகொண்டிருக்கும் எதிரியை வெட்டக் கிடைக்கும் நேரம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அவனும் எதிரே குதிரையில் வந்தால் அதிலும் பாதி.

அடுத்தது கைகள். வலக்கையில் வாள். இடக்கையில் கேடயம், கடிவாளமும் அதே கையில்தான். எதிரி இடப்பக்கம் வந்துவிட்டால் குதிரையின் கழுத்தைத் தாண்டி வெட்ட வேண்டும். ஆகவே குதிரையைப் பெரும்பாலும் தொடையாலும் குதிமுள்ளாலும்தான் திருப்ப வேண்டும். அந்தக் குதிரையும் கூச்சலுக்கு மிரளாமல் பழகியிருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஐரோப்பியர் கண்ட ஒரு வழி நீண்ட ஈட்டி. அதை வீசாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு மோதுவது. குதிரையின் எடையும் வேகமும் ஈட்டி முனைக்கு வந்துவிடும். 1066 ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயோ திரைச்சீலையில் சில நார்மன் வீரர்கள் ஈட்டியைத் தலைக்கு மேல் ஓங்கியிருக்கிறார்கள், சிலர் அக்குளில் இடுக்கியிருக்கிறார்கள். ஒரு முறை மாறிக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் முதுகைத் தாங்கும் உயரமான சேணமும் வந்தது.

அதுவும் எளிதல்ல. போர்ச்சுகல் மன்னர் துவார்த்தே (ஆட்சி 1433–1438) குதிரையேற்றம் பற்றி ஒரு நூலே எழுதினார். ஈட்டிப் போட்டியில் பலர் குறி தவறுவதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, மோதும் நொடியில் தம்மை அறியாமலே கண்ணை மூடிக்கொள்வது! இந்தப் பயத்தைப் போக்கத்தான் பயிற்சி. பிரபு வீட்டுப் பையனை ஏறத்தாழ 7 வயதில் இன்னொரு பிரபுவின் வீட்டுக்கு அனுப்புவார்கள். 14 வயதில் வீரனுக்கு உதவியாளன். 21 வயதுவாக்கில்தான் ‘நைட்’ பட்டம்.

பதினான்கு ஆண்டுகள் உழவு செய்யாமல் பயிற்சி மட்டும் எடுப்பவனுக்கும், அவன் குதிரைகளுக்கும், கவசத்துக்கும் சோறு போட்டது யார்? நிலத்தில் உழைத்த குடியானவன். குதிரைப் போர் கடினமாக இருந்ததால்தான் அது ஒரு வர்க்கத்தின் தனிச் சொத்தாக இருந்தது. கேமின் நாயகன் ஹென்றி கொல்லன் மகன். அவன் முதல் நாளே குதிரை மேலிருந்து வெட்டிச் சாய்த்தால்தான் அது பொய்.

அதே பொஹீமியாவில் அடுத்து நடந்ததையும் பாருங்கள். சமயச் சீர்திருத்தம் பேசிய யான் ஹுஸ் 1415-இல் எரித்துக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் எழுந்தார்கள். 1420-இல் படையெடுத்து வந்தவர், கேமில் ஹென்றியின் ஊரை எரிக்கும் படைக்குத் தலைவரான அதே சிகிஸ்முண்ட். குடியானவர்களுக்கு 14 ஆண்டு பயிற்சிக்கு எங்கே நேரம்? யான் ஜிஷ்கா என்ற தளபதி அவர்களின் வண்டிகளையே சங்கிலியால் பிணைத்துச் சுவராக்கினார். உள்ளேயிருந்து வில்லும் கைத்துப்பாக்கியும். நெருங்கி வந்தவர்களுக்கு, இரும்பு முள் பதித்த கதிரடிக்கும் கோல். குதிரைவீரர்களின் பாய்ச்சல் அந்தச் சுவரில் முட்டி நின்றது.

1434-இல் லிபானியில், எதிரி ஓடுகிறான் என்று நம்பி அவர்கள் வண்டிகளை விட்டு வெளியே வந்தார்கள். எதிரியின் குதிரைப்படை அவர்களைத் திறந்த வெளியில் பிடித்துவிட்டது. தோல்வி அன்றுதான்.

எந்தப் போரில் யார் வென்றார்கள் என்று படிக்கும்போது, அந்த வீரன் உருவாக எத்தனை ஆண்டு ஆனது, யார் உழைப்பில் உருவானான் என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

என் மாணவர்களில் காவல்துறைக் குதிரைப்படையிலோ என்.சி.சி.யிலோ குதிரை ஏறியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.