நண்டின் பெயரில் தரங்கம்பாடி



நான் அதிபராகப் பணியாற்றும் பாடசாலை டயகமவில் உள்ளது. தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த எங்கள் ஊரில் நண்டென்றால் ஓடைக் கல்லின் அடியிற் பதுங்கியிருக்கும் சிறு நன்னீர் நண்டுதான். கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளிற் பலர் கடலைக் கண்டதில்லை. ஆயினும் கரையோரத்திலிருந்து லொறியில் வரும் களப்பு நண்டு எப்பொழுதாவது சில வீடுகளின் சட்டியை எட்டிவிடுவதுண்டு.

"சேர், அந்த நண்டும் எங்கள் ஓடை நண்டும் ஒரே சாதியா?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அல்ல என்றேன். "அப்படியானால் கடல் நண்டெல்லாம் ஒரே சாதியா?" என்றான். நான் கலைப்பட்டதாரி, விலங்கியல் கற்றவனல்லன். ஆகவே நூல்களைப் புரட்ட நேர்ந்தது. விடையோ, நான் கற்ற வரலாற்றுக்குள்ளேதான் இருந்தது.

2008ஆம் ஆண்டில் அறிஞர் மூவர் வெளியிட்ட பெரும் பட்டியலின்படி உலகில் அறியப்பட்ட நண்டினங்கள் 6,793. அவற்றுட் பெரும்பாலானவை கடலுக்கு உரியவை. ஆனால் 1758இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் தமது புகழ்பெற்ற நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, நண்டு, இறால், சங்குக்குள் வாழும் முனிவன் நண்டு ஆகிய யாவற்றையும் ஒரே பேரினத்தில் அடக்கி, அப்பேரினத்தைப் பூச்சிகளின் வகுப்பிற் சேர்த்துவிட்டார். இதைக் கேட்டால் எங்கள் மாணவர் சிரிப்பர். எனினும் புறத்தே ஓடும் கணுக்கால்களும் உடைய உயிர்களை ஓரிடத்தில் வைத்ததில் அவர் முற்றாகத் தவறினார் என்றும் கூறுவதற்கில்லை.

லின்னேயஸின் மாணாக்கர் பப்ரீசியஸ் என்பவர் டென்மார்க் நாட்டவர், பூச்சியியலில் பேரறிஞர். அக்காலத்தில் சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி டேனியர் வசமிருந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று அங்கே காலூன்றியவர்கள், 1845இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அங்கே ஆட்சி செலுத்தினர். அங்குப் படைத்துறை அலுவலராக இருந்த டால்டோர்ப் என்பவர் பூச்சிகளையும் நண்டுகளையும் ஆர்வத்தோடு சேகரித்தார். 1791இல் ஒரு மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதி ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியவரும் அவரே. நம்மவர் அம்மீனுக்குப் பனையேறி என்றே பெயரிட்டிருந்தனர் என்பது வேறு கதை.

டால்டோர்ப்பின் சேகரிப்பிலிருந்து பல நண்டுகளைப் பப்ரீசியஸ் 1798இல் விவரித்தார். பூச்சிகளைப் பற்றிய தமது நூலுக்கு அவர் எழுதிய பிற்சேர்க்கை அது. அதே நூலிற் களப்பு நண்டு ஒன்றுக்குத் 'திராங்கபாரிக்கா' என்ற பெயரை இட்டார். தரங்கம்பாடிக்கு உரியது என்பதே அதன் பொருள். கண்டற் சேற்றிலே முழங்கால் புதையக் கைவிட்டு நண்டைப் பிடிப்பவரின் பெயர்கள் இத்தகைய நூல்களில் ஏறுவதில்லை. ஊரின் பெயராவது ஏறிற்று.

ஆனால் அப்பெயர் நிலைக்கவில்லை. பெயரிடுவதில் முந்தியதே வெல்லும் என்பது விலங்கியலாரின் விதி. டேனிய அரசு அரேபியாவுக்கு அனுப்பிய குழுவில் சென்று, 1763இல் யேமனில் உயிர் நீத்த போர்ஸ்கால் என்பவர் செங்கடற் களப்பு நண்டை ஏற்கெனவே 'செர்ராட்டா' என விவரித்திருந்தார். அது 1775இல் அச்சேறியது. இரண்டும் ஒன்றே எனப் பின்வந்தோர் கருதினர். கல்கத்தா அருங்காட்சியகத்தின் அல்கொக் 1899இல் இந்திய நண்டுகளை ஆராய்ந்து எழுதியபோதும் களப்பு நண்டு ஒரே இனமாகவே நின்றது.

பிலிப்பைன்ஸ் நாட்டு மீனவர் மட்டும் இதை ஒப்பவில்லை. அவர்கள் தம் நண்டுகளை வெவ்வேறு பெயர்களால் வேறுபடுத்தி வந்தனர். அந்த வேற்றுமையைக் கருத்திற் கொண்டு எஸ்டாம்படோர் என்பவர் 1949இல் களப்பு நண்டைப் பல இனங்களாகப் பிரித்தார். 1960இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் அதை ஏற்காது மீண்டும் ஒன்றாக்கினர். இறுதியில், 1998இல் கீனன், டேவி, மான் ஆகிய மூவர் மரபணுவையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு, இனங்கள் நான்கு என நிறுவினர். சேற்றில் நின்றவர் கண் பொய்க்கவில்லை. தரங்கம்பாடியின் பெயரும் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தனி இனத்தின் பெயராக உயிர் பெற்றது.

இது வெறும் பெயர்ச்சண்டையன்று. 'செர்ராட்டா' இரண்டு கிலோவையும் தாண்டி வளர வல்லது. 'ஒலிவேசியா' என்னும் இனமோ சிறியது. சிறிதாயிருக்கும்போதே முதிர்ச்சி அடைவது. எவ்வளவு சிறிய நண்டைப் பிடிக்கலாகாது என்ற விதியைச் சிறிய இனத்தை அளந்து வகுத்தால், பெரிய இனத்தின் குஞ்சுகள் ஒருமுறையேனும் முட்டையிடுமுன் கூடைக்குள் வந்துவிடும். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. கவ்வுகாலின் நடுக்கணுவிற் புறப்பக்கம் இரண்டு தெளிவான முட்கள் இருந்து, கண்களுக்கிடையேயுள்ள பற்கள் உயர்ந்திருந்தால் அது 'செர்ராட்டா'. முட்கள் மழுங்கி, பற்கள் தாழ்ந்து உருண்டிருந்தால் 'ஒலிவேசியா'.

யாழ்ப்பாணத்தார் விரும்பியுண்ணும் நீலக்கால் நண்டின் கதையும் இத்தகையதே. லின்னேயஸ் இட்ட ஒரே பெயரால் நெடுங்காலம் வழங்கிய அது, 2010இல் நான்கு இனங்களாகப் பிரிக்கப்பட்டது. வங்காள விரிகுடாவிலும் நம் கடலிலும் வாழ்வது 'ரெட்டிக்குலாட்டஸ்' என்பது. ஹெர்ப்ஸ்ட் என்ற பேர்லின் பாதிரியார் 1799இல் இட்டு, பின் மறக்கப்பட்ட பெயர்.

களப்பு நண்டின் கதையில் இன்னுமொரு திருப்பமுண்டு. இந்தியக் கரையோர நண்டுகளின் மரபணுவைச் சோதித்த ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. அங்கே கிடைத்தவை 'செர்ராட்டா', 'ஒலிவேசியா' ஆகிய இரண்டே. இந்தியாவில் நெடுநாளாகத் 'திராங்கபாரிக்கா' என்று எழுதப்பட்டு வந்த பெரிய நண்டு உண்மையிற் 'செர்ராட்டா'வே என்றாயிற்று. தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய இனமோ, அந்த ஆய்வாளரின் கைக்கு அகப்படவேயில்லை.

இதனை வகுப்பிற் கூறியபோது, வினா எழுப்பிய அதே மாணவன், "அப்படியென்றால் அந்தப் பெயரை மாற்றுவார்களா, சேர்?" என்றான். மாற்றமாட்டார்கள். ஒருமுறை முறைப்படி இட்ட பெயரை, ஊர் பொருந்தவில்லை என்பதற்காக மாற்ற விதியில் இடமில்லை.