பங்கீட்டு அட்டை முதல் பற்றுச்சீட்டு வரை

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்று வரிசைப்படுத்திப் படிப்பது ஒரு முறை. ஏழையின் சோற்றுத் தட்டை முன்னே வைத்துக்கொண்டு படிப்பது இன்னொரு முறை. நம் அண்டை நாடான சிங்கப்பூரின் எண்பது ஆண்டு வரலாற்றை இன்று இந்த இரண்டாவது முறையில் பார்ப்போம். பசித்தவனுக்கு உணவு தருவதாக அரசு அறிவிப்பது ஒன்று; அந்த உணவு அவன் கைக்கு வந்து சேர்வது வேறொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எப்படிக் குறைந்தது என்பதே நம் பேச்சின் பொருள்.

‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அந்தத் தீவில் நெல் விளைவதில்லை. பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்த அரிசியைத்தான் மக்கள் உண்டு வந்தார்கள். போரினால் கப்பல்கள் குறைந்தன, அரிசியும் குறைந்தது. வீட்டுக்கு வீடு பங்கீட்டு அட்டை கொடுத்தார்கள். ஆனால் அட்டையில் எழுதிய அளவு அரிசி கடையில் எப்போதும் இருந்ததில்லை. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்குமே மக்களின் வயிற்றைக் காத்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்தத் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். பஞ்சம் அத்துடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. கையில் கட்டுக்கட்டாகப் பணம் வைத்திருந்தவரும் ஒரே நாளில் வெறுங்கையர் ஆனார். அரிசி கள்ளச் சந்தைக்குப் போயிற்று. கூலிக்காரரின் வீட்டில் அடுப்பு எரிவது அரிதாயிற்று.

இந்த நிலையில், 1946-ஆம் ஆண்டு சமூகநலத் துறை ஒன்று அமைக்கப்பட்டது. பெர்சி மெக்நீஸ் என்பவர் அதன் தலைவராக இருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம், தெலுக் ஆயர் பகுதியில் முதலாவது ‘மக்கள் உணவகம்’ திறக்கப்பட்டது. ஒரு மதிய உணவு 35 காசு. கடை விலையோடு ஒப்பிட்டால் அது மலிவுதான். ஆயினும் நாலைந்து பிள்ளைகளை வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு 35 காசும் பெரிய தொகையே. ஆகவே டிசம்பர் மாதத்தில் 8 காசுக்கு எளிய உணவு வழங்கத் தொடங்கினார்கள். ‘மலிவு’ என்று அதிகாரி நினைப்பதும் ‘மலிவு’ என்று ஏழை நினைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

8 காசும் இல்லாத வீட்டுச் சிறு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக 1947-இல் இலவச உணவு நிலையங்கள் தொடங்கப்பட்டன. திருமதி கான்ஸ்டன்ஸ் கோ போன்ற பெண்மணிகள் தொண்டர்களாக முன்வந்து பரிமாறினார்கள். பசியாறிய பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் கற்பிக்கும் இடங்களாகப் பின்னர் அவை வளர்ந்தன. வயிறு நிறைந்த பிறகுதான் எழுத்து ஏறும் என்பது தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கு அன்றாடம் தெரிந்த உண்மை.

காலம் மாறியது. சிங்கப்பூர் 1965-இல் தனி நாடாயிற்று. 1973-இல் உலகெங்கும் விலைவாசி ஏறியபோது, அரிசியைப் பதுக்கி விலை ஏற்றுவோரை எதிர்க்கத் தொழிற்சங்கங்களே கடை திறந்தன. தோ பாயோவில் தொடங்கிய அந்தக் கூட்டுறவுக் கடையின் பெயர் என்டியுசி வெல்கம். 1983-இல் வேறொரு கூட்டுறவுடன் இணைந்து ஃபேர்பிரைஸ் என்று பெயர் பெற்றது. தோட்டங்களில் ஒட்டுக்கடைக் கடனில் மாட்டிக்கொண்டு தவித்த குடும்பங்களுக்கு, தொழிலாளர் கையில் ஒரு கடை இருப்பதன் பொருள் நன்றாக விளங்கும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கொவிட் நோய் பரவிய 2020-இல், வருமானம் குறைந்த சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு அங்குள்ள சமூக மேம்பாட்டு மன்றங்கள் காகிதப் பற்றுச்சீட்டுகள் வழங்கின. 2021 டிசம்பரில் இந்த உதவி எல்லாச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. குடும்பத்துக்கு 100 வெள்ளி. அதுவும் காகிதமாக அன்று, கைத்தொலைபேசி வழியாக. 2023 ஜனவரியில் 300 வெள்ளி தந்தபோது, பாதியைப் பேரங்காடிகளிலும் செலவிடலாம் என்றார்கள். மறுபாதி உணவங்காடிக் கடைகளுக்கும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளுக்கும் உரியது. 2024 ஜனவரியில் அது 500 வெள்ளி ஆயிற்று. உதவி பெறுபவரும் பிழைக்க வேண்டும், தெருக்கோடிச் சிறு கடைக்காரரும் பிழைக்க வேண்டும் என்ற கணக்கு இதில் இருக்கிறது.

சிராங்கூன் சாலையில் தேக்கா சந்தைக்குப் போனால் இந்த ஏற்பாட்டைக் கண்ணால் காணலாம். இத்திட்டத்தில் சேர்ந்த கடைகளில் அதற்குரிய அடையாள வில்லையை ஒட்டியிருப்பார்கள். மீன் வாங்கும் அம்மா கைத்தொலைபேசியை நீட்டுகிறார். கடைக்காரர் அதிலுள்ள கட்டக் குறியைத் தம் தொலைபேசியில் படம் பிடிக்கிறார். 2 வெள்ளி, 5 வெள்ளி, 10 வெள்ளி என்று சீட்டுகள் கழிகின்றன. பணம் பின்னர் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. தொலைபேசி இல்லாத முதியோர் சமூக மன்றத்துக்குச் சென்று காகிதத்தில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் கால் நடக்க முடியாதவர் சந்தைக்கு எப்படிப் போவார்? சமைக்கவும் முடியாமல், துணைக்கு ஆளும் இல்லாமல் வீட்டோடு கிடக்கும் முதியோருக்கு, சமைத்த உணவை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையும் அங்கே இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகை கிடைக்கும். தொண்டூழியர்கள் பலர் உணவைச் சுமந்து செல்கிறார்கள். கதவைத் தட்டும்போது, ‘பாட்டி நலமா?’ என்று விசாரிப்பதும் அந்தப் பணியிலேயே அடங்கும்.

இவ்வளவு சொன்ன நாம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா தெருக்களை நிறைக்கும் தமிழகத் தொழிலாளருக்கும் வங்கதேசத் தொழிலாளருக்கும் இந்தப் பற்றுச்சீட்டு இல்லை. அது சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு மட்டுமே. 2020 ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவி, கதவுகள் அடைக்கப்பட்டன. விடுதிகளில் இருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். வெளியே போய் வாங்கவும் வழியில்லை. எல்லாருக்கும் மூன்று வேளையும் உணவு உள்ளே போயாக வேண்டும். தொடக்கத்தில் சாப்பாட்டைப் பற்றி முறையீடுகள் எழுந்தன. பின்னர் அரசின் பணிக்குழு பொறுப்பேற்று ஏற்பாட்டைச் சீர்படுத்தியது. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கும் வயிறு உண்டு என்பதை அந்த மாதங்கள் நினைவூட்டின.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? 1942-இல் அட்டை இருந்தது, அரிசி இல்லை. 1946-இல் சோறு இருந்தது, கொடுக்கக் காசு இல்லை. இன்று உதவி இருக்கிறது. அதை எடுக்கத் தெரியாதவர் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடைசி அடியைக் கடக்க ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

நம் நாட்டிலும் இதே நிலை வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் அவ்வாண்டு முடியும் வரை செலவிட, 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவரின் மைகார்டிலும் 100 ரிங்கிட் வைக்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த கடைகளில் அத்தியாவசியப் பொருள் வாங்க முடிந்தது. காலக்கெடு தாண்டினால் வாங்க முடியாது என்றிருந்தது. ஆதலால் இத்தகைய உதவி வரும்போதெல்லாம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: பட்டியலில் நம் பெயர் உண்டா? எந்தக் கடையில் செல்லும்? எந்தத் தேதி வரை செல்லும்? போக முடியாத பாட்டிக்கு யார் உடன் போவது? அடையாள அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்துவைத்துவிட்டு வராதீர்கள். படிக்கும் பிள்ளைகளே, பக்கத்து லயத்து முதியவருக்கு அறிவிப்பைப் படித்துக் காட்டுங்கள். உரிமையாக வந்த உணவு ஒரு வீட்டிலும் தவறிப் போகக் கூடாது.